காலமும் நியதியும்

சைவ சித்தாந்த நூல்கள் தத்துவம் முப்பத்தாறென வகுத்து, அவற்றுள் வித்தியாதத்துவம் ஏழனுள் காலத்தையும் நியதியையும் அடுத்தடுத்து வைத்தன. அசுத்தமாயையினின்றும் காலம், நியதி, கலை என்னும் மூன்றும் தோன்றும். கலையினின்றும் வித்தையும், வித்தையினின்றும் அராகமும் தோன்றும். காலமாவது ஆன்மாவின் நுகர்ச்சியை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என வரையறுப்பது. நியதியாவது ஒருவன் செய்த வினையின் பயன் பிறனொருவன்பாற் சென்றுவிடாதபடி தடுத்து, செய்தவனே அதனை நுகருமாறு நிறுத்துவது. அரசன் ஆணையை இதற்கு உவமையாகக் கூறுதல் ஆசிரியர் மரபு. இவ்விரண்டும் இணைத்து ஓதப்பட்டதன் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. தொழிற்சாலை வாயிலில் நின்று, வேலையாட்கள் உரிய நேரத்தில் வாராமையும் வந்தும் ஊக்கமின்றி உழைத்தலும் எதனாலாயின என்று வினவுவார்க்கும் அதுவே விடையளிக்கும்.

இவ்வினாவை ஆராய்தற்குத் தூத்துக்குடிக் கடற்கரையினும் ஏற்றதோரிடம் காண்டல் அரிது. நகருக்குத் தெற்கே முத்தையாபுரமும் அதனை அடுத்த நிலமும் உப்பளங்களையும், 1975-ஆம் ஆண்டு உர உற்பத்தி தொடங்கிய ஸ்பிக் தொழிற்சாலையையும், 1974-ஆம் ஆண்டு பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகத்தையும் அண்டையிற் கொண்டன. கடலிலோ பண்டைக்காலந்தொட்டு முத்துக்குளிப்பு நிகழ்ந்து வந்தது. ஒரே கரையில் மூவேறு வகை உழைப்பு. மூன்றற்கும் மூவேறு நாழிகைக் கணக்கு.

முத்துக்குளிப்பை முதற்கண் நோக்குக. தோணிகள் நள்ளிரவிற்குப் பின்னர்க் கரைக்காற்றைத் துணைக்கொண்டு புறப்பட்டு, விடியும்போது முத்துப்பாரை அடையும். கல்லைக் காலிற் கொண்டு குளிப்போர் மூழ்குவர். மேலே கயிறு பிடித்திருப்போர் அவர் குறிப்பறிந்து தூக்குவர். உச்சிப்பொழுதளவில் தொழில் முடியும். கடற்காற்று எழுந்ததும் தோணிகள் கரைக்குத் திரும்பும். புறப்படும் காற்றைத் தவறவிட்டவன் அன்றைய நாளையே தவறவிட்டவனாவான். எனினும் அத்தோணிகளிற் குளிப்போரை எழுப்பி விரட்டுதற்கென ஒருவனை அமர்த்தவேண்டிய தேவை இருந்ததில்லை. காரணம் வெளிப்படை. ஆங்கிலேயர் ஆட்சியில் நிகழ்ந்த குளிப்புக்களில், எடுத்த சிப்பியில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தவர்க்குமாக அன்றன்றே கரையிற் பிரிக்கப்பட்டது. மூன்றில் ஒன்று பெரும்பங்கு அன்று. தோணிக்காரனும் கயிறு பிடித்தவனும் பெறுவதும் அதனுள் அடக்கம். ஆயினும் அஃது எண்ணித் தரப்பட்டது, கண்முன் தரப்பட்டது, அன்றே தரப்பட்டது. நூற்றுக்கொரு சிப்பியில்தானும் நல்முத்து இருக்குமென்ற உறுதியில்லாத அத்தொழிலில், மூச்சடக்கி மூழ்கும் ஊக்கத்தைத் தந்தது அந்தப் பங்கீடே. 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று.

உப்பளத்திலோ கதிரவனே மணிக்கூடு. வெயில் ஏறுமுன் பாத்திகளில் உப்பு வாரவேண்டும்; ஆகலின் ஆடவரும் பெண்டிரும் பொழுது புலரும் முன்னரே அளத்திற்குச் சென்றுவிடுவர். காலந்தவறாமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? ஆயினும் உவர்நீரிற் காலும், வெண்பரப்பின் கூசொளியிற் கண்ணும் நோவெய்த உழைக்கும் அவர், ஐப்பசி கார்த்திகை மழையில் அளம் மூழ்கியபோது வேலையும் கூலியும் ஒருங்கே இழப்பர். எனவே, ஓரிடத்திற் காலம் பிறழாது பேணப்படுகின்றதென்பது கொண்டு ஆங்கு நியதியும் பிறழாது நிற்கின்றதெனத் துணியலாகாது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்க. மேல்வருவனவெல்லாம் இதனைப் பற்றியே வரும்.

மூன்றாவது ஆலைச் சங்கின் கணக்கு. 1908-ஆம் ஆண்டு தூத்துக்குடிக் கோரல் ஆலையில் நிகழ்ந்தது தமிழ்நாட்டார் பலரும் அறிந்ததே. ஆங்கே தொழிலாளர் விடியல் தொடங்கிப் பொழுது சாயுமளவும் நூல் நூற்றனர். சிறுவரும் அவருள் இருந்தனர். வாரத்தில் ஒருநாள் ஓய்வும் இல்லை. காலம் அளவிறந்து வாங்கப்பட்டது. கூலியோ அளந்து சுருக்கப்பட்டது. அவ்வாண்டு பிப்பிரவரித் திங்கள் 27-ஆம் நாள் அவர்கள் வேலையை நிறுத்தினர். வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவா அவர்களும் அவர்க்குத் துணைநின்றனர். கூலியுயர்வு, வார விடுமுறை, பிற விடுமுறை வசதி என்பனவே அவர் வேண்டியவை. ஒன்பது நாளளவில் ஆலையார் இணங்கினர். தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர்.

இங்கே நோக்கற்பாலது ஒன்றுண்டு. வார ஓய்வு வேண்டுமென்று கேட்பது உழைப்பை வெறுப்பார் செயலெனச் சிலர் கருதுவர். மெய்ந்நிலை மறுதலை. அக்காலத்தில் ஆலைத் தொழிலாளர் நிலையை ஆராய அரசு ஒரு குழுவை அமைத்தது. கோரல் ஆலை வேலைநிறுத்தம் நிகழ்ந்த அதே 1908-ஆம் ஆண்டு அதன் அறிக்கையும் வெளிவந்தது. நீண்ட நேரம் அடைபட்டுக் கிடக்கும் தொழிலாளி அந்நேரம் முழுதும் உழைப்பதில்லை, இடையிடையே வெளிப்போந்து காலங்கழிக்கின்றான் என்பது அக்குழு கண்ட செய்தி. ஓய்வைக் கொடாதவழி அவன் அதனைத் தானே எடுத்துக்கொண்டான் என்பதே இதன் பொருள். வளர்ந்த ஆடவர்க்கும் பன்னிரண்டு மணிக்கு மேற்படாதபடி வேலை நேரத்தைச் சட்டத்தால் வரையறுக்க வேண்டுமென்று அக்குழுவில் தனித்து நின்று எழுதியவர் சென்னை டாக்டர் டி. எம். நாயர். 1911-ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகட்கு அவ்வரம்பை ஏற்றது. 1922-இல் அது பதினொரு மணியாகவும், 1934-இல் பத்து மணியாகவும், 1948-இல் ஒன்பது மணியாகவும் குறைந்தது. இங்ஙனம் நேரம் குறையக் குறைய ஆலைகள் அழிந்துபடும் என்றவர்களின் அச்சம் மெய்யாகவில்லை.

சித்தாந்திகட்கு இது புதிதன்று. இறைவன் செய்யும் ஐந்தொழிலுள் சங்காரத்தை அழிவெனக் கொள்ளாது, பிறந்திறந்து இளைத்த உயிர்கட்கு இளைப்பாற்றுதலெனவே நம் நூல்கள் கொண்டன. வினை நுகராது கழியாது. நுகர்வித்தல் அவன் திருவுள்ளம். அங்ஙனமாயினும் இடையே ஓய்வளித்தலும் அவன் திருவுள்ளமே. உலகனைத்தையும் தொழிற்படுத்தும் முதல்வனே தன் உயிர்கட்கு இளைப்பாறும் பொழுது வகுத்தானெனின், ஓர் ஆலையை நடத்துவோன் ஏழு நாளில் ஒன்றனை மறுத்தற்கு எந்நூல் இடந்தரும்?

இனி, மாறுபட்ட கொள்கைகளை ஒவ்வொன்றாக ஆராய்வாம்.

மக்கள் இயல்பாகவே மடியுடையர். அச்சமொன்றே அவரைத் தொழிலிற் செலுத்தும் என்பார் ஒருசாரார். ஆன்மாவின் இயல்பு அறிதலும் செயலுமே. அவற்றை மறைத்து நிற்பது ஆணவம். கலை அம்மறைப்பைச் சிறிது விலக்கிச் செயலாற்றலை எழுப்பும். வித்தை அறிவை விளக்கும். அராகம் விருப்பை எழுப்பும். விருப்பமும் விளக்கமும் இன்றிச் செயல் நிகழாதென்பது இதனாற் பெறப்படும். அச்சம் இவற்றுள் எதனையும் எழுப்பாது. உடலை வாயிலுக்குள் கொணர்ந்து நிறுத்தும், அவ்வளவே. பிட்டுக்கு மண்சுமந்த திருவிளையாடலில், கூலியைத் தின்று வேலை செய்யாது கிடந்த கூலியாளைப் பாண்டியன் பிரம்பால் அடித்தான். உலகியல் நோக்கில் அவன் செயலிற் குற்றங்காண்டல் அரிது. வையைக் கரை அடைபடாமற் கிடந்தது, வெள்ளமோ காத்திராது. எனினும் அவ்வடி யார்மேற் பட்டது? அரசன்மேலும் பட்டது, அரசி, அமைச்சர், எல்லா உயிர்கள்மேலும் பட்டது. அடிக்குமுன், இவன் யாவன், யார்பொருட்டு வந்தான், என்ன கூலிக்கு வந்தான் என்று உசாவுதற்கு அங்கே பொழுது ஒதுக்கப்படவில்லை போலும்.

இரண்டாங் கொள்கை சைவருள்ளேயே சிலர்பாற் காணப்படுவது. ஆகலின் அதனை விரித்து ஆராய்தல் வேண்டும். குறைந்த கூலியும் மிகுந்த உழைப்பும் ஒருவனுக்கு வாய்த்தது அவன் பழவினையால்; நியதி தத்துவமே அதனை அவன்பாற் சேர்ப்பித்தது; அதனை மாற்ற முயல்வது நியதியை மறுப்பதாகும் என்பது அவர் கூற்று. சொல் சித்தாந்தத்தது, பொருள் சித்தாந்தத்ததன்று. துன்புறுவான் தன் பிராரத்தத்தை நுகர்கின்றான் என்பது உண்மையே. அந்நுகர்ச்சிக்குக் கருவியாய் நின்று துன்புறுத்துவோன் அச்செயலால் ஆகாமியம் ஈட்டுகின்றான் என்பதும் அவ்வளவே உண்மை. கள்வன் ஒருவன் ஒரு வீட்டிற் புகுந்து பொருள் கவர்ந்துவிட்டு, இவர் இழத்தற்குரிய வினையுடையார், அதனால் இழந்தார், எனக்கு இதிற் பங்கில்லை என்று கூறின், எந்த அறங்கூறவையம் அவனை விடுக்கும்? பிறன் வினைக்கணக்கை எடுத்துப் படிக்கும் உரிமை கூலி கொடுப்பவனுக்கு அளிக்கப்படவில்லை. அவன் கையில் இருப்பது கூலிக்கணக்கு ஒன்றே. அதில் உழைத்தவன் பெயருக்கு நேரே உழைத்ததற்கு ஒத்த தொகை எழுதப்பட்டுளதா என்பதே அவன் விடையிறுக்க வேண்டிய வினா.

பயன் கருதாது பணிசெய்தலன்றோ உயர்ந்தது, தொழிலாளர் கூலியைப் பற்றிப் பேசுவது தாழ்ந்ததன்றோ என்பார் மூன்றாஞ் சாரார். பயன் கருதாமை உயர்ந்ததே. ஆனால் அது செய்வோன் தன்னுளத்தில் தானே துறப்பது. பணி கொள்பவன், நீ துறந்துவிடு, நான் வைத்துக்கொள்கின்றேன் என்று கூறுவது துறவுபதேசம் ஆகாது.

இம்மூன்று கொள்கைக்கும் ஒருங்கே விடையாவது திருவீழிமிழலையில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பெருமான் விரித்துரைத்த வரலாறு. நாட்டில் மழையின்றி வற்கடம் வந்தது. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அடியார் கூட்டத்தோடு அப்பதியில் தங்கியிருந்தனர். அடியார்க்கு அமுதளித்தற்பொருட்டு இறைவன் இருவர்க்கும் நாடோறும் ஒவ்வொரு பொற்காசு அளித்தருளினான். இருவர் திருமடத்திலும் அடியார் உண்டனர். ஆனால் அரசுகள் திருமடத்தில் அமுது உரிய பொழுதில் ஆயிற்று. பிள்ளையார் திருமடத்திற் காலந்தாழ்ந்தது. நாள்தோறும் இவ்வாறு தாழ்ப்பதைக் கண்ட பிள்ளையார் காரணம் உசாவினார்.

இங்கே சற்று நின்று நோக்குக. அமுது தாழ்ந்தவழி, அடுக்களையில் உள்ளார் சோம்பினர் என்று சினப்பதே எளிய வழி. உலகில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதின்மர் அவ்வழியே செல்வர். பிள்ளையாரோ வினவினார், வினவியதோடு அமையாது விடையைச் செவிமடுத்தார். அரசுகள் பெறும் காசு வாசியில்லாதது, அதனைக் கடைக்காரர் உடனே ஏற்றுப் பண்டம் தருகின்றனர். இத்திருமடத்துக் காசுக்கு அவர் வாசி கேட்கின்றனர், அதனாற் பண்டம் வரத் தாழ்க்கின்றது என்பது அவர் அளித்த விடை. காலந்தாழ்ந்தமைக்குக் காரணம் கையில் இல்லை, காசில் இருந்தது. அதனைத் தெளிந்த பிள்ளையார் மடைப்பள்ளியாரை ஒரு சொல்லும் கடிந்திலர். காசளித்த இறைவனிடத்தே சென்று வாசி தீர்த்தருளுமாறு பாடினார். மறுநாள் முதல் நற்காசு வந்தது. அமுதும் உரிய பொழுதில் ஆயிற்று.

அரசுகட்கு மட்டும் முதலிலேயே வாசியில்லாக் காசு கிடைத்தது ஏன் எனின், அவர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு புரிந்தவராதலின் என்று அவ்வரலாறே காரணமும் காட்டிற்று. கையால் உழைத்தவனுக்குக் கழிவில்லாத காசு என்பது இறைவன் தானே நடத்திக்காட்டிய வழக்கு. அரசுகளினும் பயன் கருதாத தொண்டர் யாவர்? அவரும் அக்காசை மறுத்திலர். அது பசித்த அடியார்க்குச் சோறாக வேண்டியது.

மேலே கூறிய வரலாற்றை வெறும் புராணமெனத் தள்ளுவார், பிற்காலச் சட்டத்தை நோக்கினும் அதே முறையைக் காண்பர். 1936-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கூலி வழங்கற் சட்டம், வாராத நேரத்திற்குக் கூலியைக் குறைக்கலாம், ஆயின் வாராத அளவிற்கு மேற்படக் குறைத்தலாகாது என்றது. தண்டம் விதிப்பின் ரூபாய்க்கு அரையணாவிற்கு மேற்படலாகாது, அத்தண்டப்பணமும் தொழிலாளர் நலத்திற்கே செலவாக வேண்டும் என்றது. எல்லாவற்றினும் சிறந்தது பிறிதொன்று: ஆயிரவர்க்குக் குறைந்த தொழிலாளரை உடையார் கூலிக்காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள்ளும், ஏனையோர் பத்தாம் நாளுக்குள்ளும் கூலி கொடுத்துத் தீரவேண்டும் என்று அது நாள் குறித்தது. காலந்தவறாமை வாங்குவோனுக்கு மட்டுமன்றிக் கொடுப்போனுக்கும் விதிக்கப்பட்டது. அதற்கு முன்னர், ஐந்து நிமிடம் தாழ்ந்தவனுக்கு வாயிலை அடைத்த முதலாளி தான் கூலியைப் பல நாள் தாழ்த்தியபோது, அவனுக்கு எவ்வாயில் அடைபட்டது?

சென்னையிலும் இத்தகைய செய்தியொன்று உண்டு. 1918-ஆம் ஆண்டு ஏப்பிரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது, பி. பி. வாடியா அவர்கள் தலைவராகவும், பெரியபுராணத்திற்குக் குறிப்புரை வகுத்த திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத்தலைவருள் ஒருவராகவும் நின்றனர். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரின் முதற்குறைகளுள் ஒன்று நண்பகல் உணவுக்கு அரைமணியே விடப்பட்டமை. வெளியே சென்று உண்டு மீள்வதற்கு அது போதாது. அதனை நாற்பது நிமிடமாக்குவித்தது சங்கத்தின் தொடக்கக்கால வெற்றிகளுள் ஒன்று. பத்து நிமிடம் பெரிதோ என்று வயிறு நிறைந்தவர் கேட்கலாம்.

இத்துணையும் கூறியதனால் காலந்தாழ்ந்து வரும் தொழிலாளிபாற் குற்றமே இல்லையென்று கொள்வது பிழை. நியதி இருபாலும் வெட்டும் வாள். ஒத்த கூலியைப் பெற்று ஒப்பிய நேரத்தை மறைத்து உண்பவன் பிறன் பொருளைக் கவர்ந்தவனே; பொருள் பொன்னாக இராது பொழுதாக இருந்தமையின் அது களவாகாமற் போகாது. சிவபூசையைக் காலையிற் செவ்வனே முடித்துவிட்டு அலுவலகத்தில் அரைநாள் செய்தித்தாள் படித்திருக்கும் சைவர், அப்பூசை தம்மை அக்களவினின்று விடுவிக்குமென எண்ணுதல் வேண்டா. திருக்கோயிலில் உஷத்காலம் முதல் அர்த்தசாமம் ஈறாக ஆறு காலமும் தவறாது பூசை நிகழ்த்துக என்று விதித்த ஆகமங்களைப் போற்றுவோர்க்குக் காலத்தின் அருமையை வேறு எடுத்துரைத்தலும் வேண்டுவதின்று.

வ. உ. சி. அவர்கள் வாழ்க்கையிலேயே இதற்கொரு காட்சி உண்டு. தொழிலாளர்பொருட்டு வழக்காடிய அவர் 1908-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள் சிறைப்படுத்தப்பட்டார். கோயமுத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்தார். அங்கே நேரம் இருந்தது, காவல் இருந்தது, அச்சம் இருந்தது. உழைத்தவனுக்கு எண்ணெயில் ஒரு துளியும் உரியதாக இல்லை. காலத்தினின்றும் நியதியை முற்றும் அறுத்தெடுத்தால் எஞ்சுவது அதுவே. 1912-ஆம் ஆண்டு இறுதியில் விடுதலையடைந்தபின், வறுமையினிடையே அவர் நூலாராய்ச்சியைக் கைவிட்டிலர். 1935-ஆம் ஆண்டு சிவஞானபோதத்திற்குத் தாம் எழுதிய உரையை வெளியிட்டார். அடுத்த ஆண்டு தூத்துக்குடியிலேயே சிவபதம் எய்தினார். அவ்வுழைப்பிற்குச் சங்கும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. விருப்பம் என்னும் அராகம் தொழிற்பட்டவழி மனிதன் எவ்வளவு உழைப்பான் என்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

முத்தையாபுரம் போன்ற இடங்களின் பெருந்தொழிற்சாலைகளில், அம்மோனியா ஆக்குவன போன்ற இயந்திரங்கள் இரவும் பகலும் நிறுத்தப்படுவதில்லை. ஒருவன் தன் முறைவேலை முடிந்து எழ, மற்றொருவன் வந்து அவன் இடத்தில் அமர்தல் வேண்டும். வருபவன் பத்து நிமிடம் தாழ்ந்தால் அதனால் முதற்கண் இழப்பவன் முதலாளி அல்லன். எட்டு மணிநேரம் விழித்திருந்து, எழுந்துபோகவும் இயலாது, வாயிலையே நோக்கியிருக்கும் உடன்தொழிலாளியே. அவனுடைய வீட்டில் குழந்தை நோயுற்றிருக்கலாம். கடைசிப் பேருந்து போய்விடலாம். தாழ்ந்து வந்தவன் மேற்பார்வையாளரிடம் காரணம் கூறி அமைதி பெறுகின்றான். வருகைப் பதிவேட்டிலும் அப்பத்து நிமிடம் அவன் பெயருக்கு நேரே குறிக்கப்படும். காத்திருந்தவன் இழந்த பத்து நிமிடத்தைக் குறித்தற்கு அப்பதிவேட்டிற் கட்டம் இல்லை. அதனை அவனிடமே நேரிற் சென்று கேட்டறிதல் வேண்டும்.